பத்தாம் இடம் சொன்ன செய்தி

கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, நாணயம் என்று வரலாற்றுச் சான்றுகளை வரிசைப்படுத்திப் பழகியவர்கள் நாம். ஒரு விளையாட்டுப் பருவத்தின் தொடக்கத்தில் வெளியாகும் முன்கணிப்புப் பட்டியலையும் அவ்வரிசையில் சேர்க்கலாம் என்றால் நண்பர்கள் சிலர் புன்னகைக்கக்கூடும். ஆயினும் சற்றே எண்ணிப் பார்ப்போம். நடந்தவற்றைச் சொல்லும் சான்றுகள் எந்தக் காலத்துக்கும் ஓரளவேனும் கிடைக்கின்றன. நடப்பதற்கு முன்னர் அக்காலத்தவர் எதை எதிர்பார்த்திருந்தனர் என்று சொல்லும் சான்றுகளோ அரியவை. முடிவு தெரிந்தபின் எழுதுவோர், அம்முடிவு தமக்கு முன்பே தெரிந்திருந்ததைப் போல எழுதிவிடுகின்றனர். முன்கணிப்புப் பட்டியலுக்கு அந்த வசதி இல்லை. முடிவு தெரியாத ஒரு நாளில் எழுதி, நாளிட்டு, வெளியிடப்பட்டுவிட்ட ஆவணம் அது.

அத்தகைய ஆவணம் ஒன்றை இங்கு எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் 'பிக் ஈஸ்ட்' என்னும் கல்லூரிக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் 2010-11 பருவத்துக்கான பட்டியல் அது. கூட்டமைப்பைச் சேர்ந்த 16 பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்களும் வாக்களித்து உருவாக்கியது. தம் அணிக்குத் தாமே வாக்களித்தல் கூடாது என்பது அவ்வாக்கெடுப்பின் விதி. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு முதலிடம் கிடைத்தது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்குப் பத்தாம் இடம். 2011 ஏப்ரல் 4 அன்று, அந்தப் பத்தாம் இடத்து அணியே நாட்டின் வாகையர் பட்டத்தைச் சூடியது.

"கணிப்புப் பொய்த்தது, வீரம் வென்றது" என்று இக்கதையை ஒரே வரியில் சொல்லி முடிப்பது வழக்கம். அவ்வழக்கம் பிழையானது என்பதே நம் கருத்து. பட்டியல் பொய்க்கவே இல்லை. அதனைப் படித்தவர்கள்தாம் பிழையாகப் பொருள் கொண்டனர். இதனை விளக்கவே இக்கட்டுரை.

கூட்டமைப்பு என்னும் ஏற்பாடு

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் அமைப்பை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். அங்கே பல்கலைக்கழகங்கள் தத்தம் வட்டாரத்துக்கும் வசதிக்கும் ஏற்பக் கூட்டமைப்புகளாகச் சேர்ந்திருக்கின்றன. கூடைப்பந்துப் பருவம் நவம்பரில் தொடங்குகிறது. முதல் இரு திங்களில் பெரும்பாலும் வெளிக் கூட்டமைப்புகளைச் சேர்ந்த அணிகளோடு ஆட்டங்கள் நிகழும். புத்தாண்டை ஒட்டிக் கூட்டமைப்புக்குள்ளேயே மோதல்கள் தொடங்கும். மார்ச்சு முற்பகுதியில், தோற்றவர் வெளியேறும் முறையில், கூட்டமைப்புக்கென ஒரு போட்டித்தொடர் உண்டு. அதன்பின் நாடு முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட அணிகள் மோதும் என்.சி.ஏ.ஏ. தொடர் நடைபெறும். 2011இல் அத்தொடருக்குத் தெரிவான அணிகள் 68.

ஆக, ஓர் அணி ஒரே பருவத்தில் மூன்று அவைகளில் மதிப்பிடப்படுகிறது: வெளியார் அவை, உறவினர் அவை, நாட்டவை. பருவத் தொடக்கப் பட்டியல் பேசுவது இவற்றுள் இரண்டாவதைப் பற்றி மட்டுமே. இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

டேவ் கேவிட்டின் கட்டுமானம்

பிக் ஈஸ்ட் 1979இல் தோன்றியது. அதன் சிற்பி டேவ் கேவிட். பிராவிடன்ஸ் கல்லூரியின் பயிற்சியாளராக இருந்து, 1973இல் அவ்வணியை நாட்டின் இறுதி நான்கு அணிகளுள் ஒன்றாக உயர்த்தியவர். கூடைப்பந்து பிறந்ததே அமெரிக்காவின் வடகிழக்கில்தான். 1891இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அவ்விளையாட்டை வகுத்தார். ஆயினும் 1970களில் அவ்வட்டாரக் கல்லூரிகள் இறுக்கமான பிணைப்பின்றிச் சிதறிக் கிடந்தன. தென்பகுதியிலோ வட கரோலினா, டியூக் போன்ற பல்கலைக்கழகங்கள் வலுவான ஒரு கூட்டமைப்பாய்த் திரண்டிருந்தன.

கேவிட் செய்தது நகரங்களை இணைக்கும் வேலை. நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ், வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன், பாஸ்டன் கல்லூரி, சிராக்யூஸ், செட்டன் ஹால், கனெக்டிகட், தம்முடைய பிராவிடன்ஸ் ஆகிய ஏழையும் ஒரே குடையின்கீழ்க் கொணர்ந்தார். 1980இல் பிலடெல்பியா வட்டாரத்து வில்லனோவாவும், 1982இல் பிட்ஸ்பர்க்கும் சேர்ந்தன. மக்கள் திரண்டு வாழும் நகரங்களில் தொலைக்காட்சிக்கு விளையாட்டு வேண்டும். விளையாட்டுக்குத் தொலைக்காட்சி வேண்டும். இ.எஸ்.பி.என். அலைவரிசை தொடங்கியதும் அதே 1979ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் என்பதை நினைவிற் கொண்டால், காலத்தை அவர் எவ்வளவு கூர்ந்து அறிந்திருந்தார் என்பது விளங்கும்.

ஆனால் ஒப்பந்தத்தால் மட்டும் பகைமை பிறந்துவிடாது. அது களத்தில் பிறக்க வேண்டும். 1980 பிப்ரவரியில் சிராக்யூஸ் அணி, தன் பழைய உள்ளரங்கில் தொடர்ந்து 57 ஆட்டங்களில் வென்ற பெருமையோடு இருந்தது. அவ்வரங்கில் அவர்களுடைய கடைசி ஆட்டம் அது. ஜார்ஜ்டவுன் 52-50 என்ற கணக்கில் வென்று அப்பெருமையை முடித்து வைத்தது. அரங்கம் அதிகாரபூர்வமாக மூடப்பட்டது என்று ஜார்ஜ்டவுன் பயிற்சியாளர் ஜான் தாம்சன் அறிவித்தார். அந்த ஒரு வாக்கியம் முப்பதாண்டுப் பகைக்கு வித்திட்டது. 1983 முதல் கூட்டமைப்பின் போட்டித்தொடர் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நிலைகொண்டது. ஆண்டுதோறும் மார்ச்சில் அவ்வரங்கில் கூடுவது அந்நகரத்தார்க்கு ஒரு திருவிழாவாயிற்று.

1985 கற்பித்த பாடம்

பத்தாம் இடத்தின் பொருளை உணர, முதலில் 1985க்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு நாட்டின் இறுதி நான்கு அணிகளுள் மூன்று பிக் ஈஸ்ட்டைச் சேர்ந்தவை: ஜார்ஜ்டவுன், செயின்ட் ஜான்ஸ், வில்லனோவா. ஜார்ஜ்டவுன் முந்தைய ஆண்டின் வாகையர். பாட்ரிக் யூயிங் என்னும் நெடியோன் அவ்வணியின் அரண். செயின்ட் ஜான்ஸில் கிறிஸ் முல்லின் இருந்தார். வில்லனோவாவோ கூட்டமைப்புக்குள் 9 வெற்றி, 7 தோல்வி என்ற நடுத்தர நிலையில் பருவத்தை முடித்த அணி. ஜார்ஜ்டவுனிடம் அப்பருவத்தில் இருமுறை தோற்றிருந்தது.

ஏப்ரல் 1 அன்று கென்டக்கியின் லெக்சிங்டனில் நடந்த இறுதியாட்டத்தில் வில்லனோவா 66-64 என்று வென்றது. கூடையை நோக்கி அவர்கள் எறிந்த 28 எறிகளில் 22 உள்ளே விழுந்தன. குறிப்பிட்ட நொடிகளுக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்ற விதி அத்தொடரில் இல்லாததால், பொறுத்திருந்து எறிய அவர்களால் முடிந்தது. இதனை அற்புதம் என்றே பலரும் எழுதினர். அற்புதத்துக்கு அடியில் ஓர் எளிய காரணமும் உண்டு. நாட்டவர் யாவரும் அஞ்சிய ஜார்ஜ்டவுனை வில்லனோவா முன்பே இருமுறை அருகில் நின்று பார்த்திருந்தது. தோல்விகளே அவர்களுக்குப் பாடநூலாயின. நடுவரிசை அணி நாட்டின் முதல் அணியாவது பிக் ஈஸ்ட்டில் அன்றே நிகழ்ந்துவிட்ட ஒன்று.

பதினாறு பேர் கொண்ட பந்தி

1990களில் கூட்டமைப்பு அமெரிக்கக் கால்பந்தையும் சேர்த்துக்கொண்டது. கூடைப்பந்தைவிடப் பன்மடங்கு பணம் புழங்கும் ஆட்டம் அது. அதற்காகச் சிலர் வந்தனர். அதற்காகவே சிலர் போயினர். 2004இல் மயாமியும் வர்ஜீனியா டெக்கும், 2005இல் நிறுவன உறுப்பினரான பாஸ்டன் கல்லூரியும் வெளியேறின. ஈடாக 2005இல் லூயிவில், சின்சினாட்டி, மார்க்வெட், டிபால், தென் புளோரிடா ஆகியவை சேர, உறுப்பினர் எண்ணிக்கை 16 ஆயிற்று.

2010 இலையுதிர் காலத்தில் கனெக்டிகட்டைப் பத்தாம் இடத்தில் வைத்தவர்கள் கண்மூடித்தனமாக வைக்கவில்லை. முந்தைய பருவத்தில் அவ்வணி 18 வெற்றி, 16 தோல்வி பெற்று நாட்டின் பெருந்தொடருக்குத் தெரிவாகாமல் நின்றிருந்தது. டைசன், ராபின்சன், எட்வர்ட்ஸ் ஆகிய மூத்த வீரர்கள் மூவரும் படிப்பு முடிந்து விடைபெற்றிருந்தனர். எஞ்சியோருள் பலர் முதலாண்டு மாணவர்கள். வீரர் சேர்க்கையில் விதிமீறல் நடந்ததா என்ற விசாரணையும் அணியின்மேல் நிழலிட்டிருந்தது. 1999, 2004 ஆகிய ஆண்டுகளில் இருமுறை வாகை சூட்டிய பயிற்சியாளர் ஜிம் கல்ஹூன் அப்போது அறுபதுகளின் பிற்பகுதியில் இருந்தார். நம்பத்தக்கவராய் எஞ்சியிருந்தவர் மூன்றாமாண்டு மாணவர் கெம்பா வாக்கர், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியிலிருந்து வந்த, உயரம் குறைந்த இளைஞர்.

நவம்பரிலேயே ஒரு முன்னறிகுறி தோன்றியது. ஹவாய்த் தீவுகளின் மாவியில் நடந்த தொடரில் கனெக்டிகட் மூன்று ஆட்டங்களில் விச்சிட்டா ஸ்டேட், மிச்சிகன் ஸ்டேட், கென்டக்கி ஆகிய மூவரையும் வென்றது. மிச்சிகன் ஸ்டேட் அப்போது நாட்டின் தரவரிசையில் இரண்டாம் இடத்திலிருந்த அணி. கென்டக்கியைக் கனெக்டிகட் 84-67 என்று சாய்த்தது. வாக்கர் அம்மூன்று ஆட்டங்களில் முறையே 31, 30, 29 புள்ளிகள் எடுத்தார். தரவரிசையிலேயே இல்லாதிருந்த அணி ஒரே வாரத்தில் ஏழாம் இடத்துக்குத் தாவியது. பயிற்சியாளர்களின் பட்டியல் பொய் என்று பலரும் அன்றே எழுதினர்.

பிறகு டிசம்பர் 27 வந்தது. கூட்டமைப்புக்குள் நடந்த முதல் ஆட்டத்திலேயே பிட்ஸ்பர்க் 78-63 என்று கனெக்டிகட்டை வென்றது. பருவத்தின் கடைசி ஐந்து ஆட்டங்களில் கனெக்டிகட்டுக்கு நான்கு தோல்விகள். கூட்டமைப்புக்குள் மொத்தம் 9 வெற்றி, 9 தோல்வி. வில்லனோவா, மார்க்வெட் ஆகியவையும் அதே கணக்கில் நிற்க, மூன்றும் ஒன்பதாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டன. முதலிடம் 15 வெற்றி, 3 தோல்வியோடு பிட்ஸ்பர்க்குக்கு.

இங்கே நின்று பட்டியலைத் திருப்பிப் பார்ப்போம். முதலிடம் என்று சொன்னவர் முதலிடத்தில் முடித்தனர். பத்தாம் இடம் என்று சொன்னவர் ஒன்பதாம் இடத்தில் முடித்தனர். பதினாறு அணிகள் மோதிய ஒரு பருவத்தை முன்கூட்டிச் சொல்வதில் இதைவிடக் குறி தப்பாத எழுத்து வேறென்ன இருக்க முடியும்?

ஐந்து நாள், பின்னர் ஆறு ஆட்டம்

ஒன்பதாம் இடத்தார் கூட்டமைப்புத் தொடரை வெல்ல வேண்டுமானால், அன்றைய ஏற்பாட்டின்படி, ஐந்து நாளில் ஐந்து ஆட்டங்களை வெல்ல வேண்டும். அதற்குமுன் எவரும் அதைச் செய்ததில்லை. 2011 மார்ச்சு 8 முதல் 12 வரை கனெக்டிகட் அதைச் செய்தது. டிபால், ஜார்ஜ்டவுன், பிட்ஸ்பர்க், சிராக்யூஸ், லூயிவில் என்று வரிசையாக ஐவர் வீழ்ந்தனர். பிட்ஸ்பர்க்குடன் ஆட்டம் 74-74 என்று சமநிலையில் நின்றபோது, வாக்கர் தம்மைத் தடுத்து நின்ற நெடியவரைத் தடுமாறச் செய்து, ஓரடி பின்வாங்கி எறிந்த பந்து, நேரம் முடியும் கணத்தில் கூடைக்குள் விழுந்தது. சிராக்யூஸ் ஆட்டம் கூடுதல் நேரம் வரை நீண்டது. ஐந்து நாளில் வாக்கர் எடுத்த புள்ளிகள் 130.

நாட்டின் பெருந்தொடரில் மேலும் ஆறு வெற்றிகள். அரையிறுதியில் மீண்டும் கென்டக்கி. இம்முறை 56-55 என்று ஒரே புள்ளியில். ஹூஸ்டனில் நடந்த இறுதியாட்டத்தில் பட்லர் அணி 64 எறிகளில் 12ஐ மட்டுமே கூடைக்குள் இட்டது. 53-41 என்று கனெக்டிகட் பட்டம் வென்றது.

ஒன்பதுக்கு ஒன்பது

இப்போது கணக்குக்கு வருவோம். கனெக்டிகட் அப்பருவத்தில் 32 ஆட்டங்களில் வென்று, 9இல் தோற்றது. அந்த ஒன்பது தோல்விகளும் கூட்டமைப்புக்குள் நிகழ்ந்தவை. வெளிக் கூட்டமைப்புகளைச் சேர்ந்த அணிகளோடு ஆடிய 17 ஆட்டங்களில் ஒன்றில்கூட அவ்வணி தோற்கவில்லை. வெளியாரிடம் வெல்ல முடியாத அணியாக இருந்தது, தன் வீட்டுக்குள் பாதிக்குப் பாதி தோற்றது.

இதில் விந்தை ஏதுமில்லை. 16 அணிகள் ஒவ்வொன்றும் 18 ஆட்டங்கள் ஆடினால் மொத்தம் 144 ஆட்டங்கள். 144 வெற்றி என்றால் 144 தோல்வியும் இருந்தே தீரும். நாட்டின் மிகச் சிறந்த பதினாறு அணிகளை ஒரே கூட்டமைப்பில் அடைத்தாலும் அவற்றின் சராசரி 9 வெற்றி, 9 தோல்விதான். மிக எளிய பதினாறு அணிகளை அடைத்தாலும் அதுவேதான். கூட்டமைப்புக்குள் பெறும் இடம், அணிக்கும் அதன் உறவினருக்கும் உள்ள ஒப்பீட்டைச் சொல்லும். அக்கூட்டமே எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லாது. மலையுச்சியில் நின்று அளந்தால் ஒன்பதாம் படியும் வானத்துக்கு அருகில்தான்.

மறுப்பு ஒன்று எழக்கூடும். அவ்வாண்டு பிக் ஈஸ்ட்டிலிருந்து நாட்டின் தொடருக்கு 11 அணிகள் தெரிவாயின. அவற்றுள் ஒன்பது முதல் வார இறுதிக்குள் வெளியேறின. முதலிடத்துப் பிட்ஸ்பர்க் பட்லரிடம் 71-70 என்று தோற்றது. அப்படியானால் கூட்டமைப்பின் உயரம் பொய்யா? இம்மறுப்பில் வலு உண்டு. அன்றும் பலர் அதை எழுப்பினர். எனினும் இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளியேறிய ஒன்பதில் இரண்டை வீழ்த்தியவர் உறவினரே: சின்சினாட்டியைக் கனெக்டிகட்டும், சிராக்யூஸை மார்க்வெட்டும் வென்றன. எஞ்சி நின்ற இரண்டு அணிகளும், கனெக்டிகட்டும் மார்க்வெட்டும், கூட்டமைப்புக்குள் 9-9 என்று முடித்தவை. மேல்வரிசையார் வீழ, நடுவரிசையார் நின்றனர். ஒருமுறை தோற்றால் வெளியேறும் தொடரில் எதுவும் நடக்கும் என்பதை ஒப்புக்கொண்டே சொல்கிறோம்: நடுவரிசை என்பது வலுவின்மைக்குச் சான்றாகாது.

முல்லைப்பாட்டில், போர்மேற் சென்ற தலைவன் மீள்வானா என்றறிய முதுபெண்டிர் நெல்லும் மலரும் தூவி விரிச்சி கேட்டு நிற்கும் காட்சி நம் வாசகர்கள் அறிந்தது. அவர்கள் செவியில் விழுவது, தாய்ப்பசு வந்துவிடும் என்று கன்றுக்கு ஆயர்மகள் சொல்லும் ஆறுதல். அவள் தலைவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பொருள் கேட்போரால் ஏற்றப்படுகிறது. பருவத் தொடக்கப் பட்டியலும் அத்தகையதே. பயிற்சியாளர்கள் சொன்னது "எம்முள் பத்தாமவர்" என்பது மட்டுமே. "எளியவர்" என்ற பொருளை ஏற்றியவர்கள் படித்தவர்கள்.

பட்டியலின் தலைப்பு

அப்பட்டியல் முன்னறிந்து சொல்லாத ஒன்றும் உண்டு. பதினாறு பெயர்களின் வரிசையை எல்லோரும் விவாதித்தனர். அவற்றுக்கு மேலிருந்த தலைப்பை, அதாவது கூட்டமைப்பின் பெயரை, யாரும் ஐயுறவில்லை. ஆட்டத்தில் யார் வெல்வார் என்பது ஐயம். ஆட்டக்களம் இருக்கும் என்பது உறுதி என்றே எண்ணினர்.

2011 செப்டம்பர் 16 அன்று டேவ் கேவிட் காலமானார். இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 18 அன்று, நிறுவன உறுப்பினரான சிராக்யூஸும் பிட்ஸ்பர்க்கும் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்புக்குச் செல்வதாக அறிவிப்பு வெளியாயிற்று. கனெக்டிகட் வாகை சூடி அப்போது ஆறு திங்கள்கூட ஆகவில்லை. கால்பந்து ஒளிபரப்பின் பெரும்பணம் இழுத்த திசையில் ஒவ்வொருவராகப் புறப்பட்டனர். மேற்கு வர்ஜீனியா 2012இல் சென்றது. நோட்ர டேமும் 2013இல் வெளியேறியது. பெரிய கால்பந்து இல்லாத கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏழும் 2013இல் தனியே பிரிந்து, பிக் ஈஸ்ட் என்ற பெயரையும் மேடிசன் ஸ்கொயர் கார்டனையும் தம்முடன் கொண்டு சென்றன. பட்லர், சேவியர், கிரெய்ட்டன் ஆகிய மூன்றும் அவர்களோடு சேர்ந்தன. கனெக்டிகட், சின்சினாட்டி, தென் புளோரிடா, லூயிவில், ரட்கர்ஸ் ஆகியவை 'அமெரிக்கன்' என்ற புதுப் பெயரின்கீழ் நின்றன. பின்னிரண்டும் மறு ஆண்டே அங்கிருந்தும் பெயர்ந்தன.

இழப்பு எதில் என்று கேட்டால், பட்டங்களில் அன்று. கனெக்டிகட் 2014இலும் பட்டம் வென்றது. வில்லனோவா 2016, 2018 ஆகிய ஆண்டுகளில் வென்றது. இழந்தது பகைமையை. ஆண்டுக்கு இருமுறை ஒருவரையொருவர் கண்டு, முந்தைய ஆண்டின் கணக்கை நினைவூட்டி, அடுத்த ஆண்டுக்குக் கடன் வைத்துப் பிரிந்த உறவு அது. முப்பதாண்டுகளில் விளைந்ததை இரண்டாண்டுப் பேச்சுவார்த்தைகள் கலைத்துவிட்டன. கனெக்டிகட் மாணவர்களுக்குச் செயின்ட் ஜான்ஸோ ஜார்ஜ்டவுனோ வரும் இரவு தந்த கிளர்ச்சியை, முன்பின் அறியாத தொலைதூர அணிகள் தர இயலவில்லை.

மீண்டும் ஒரு பட்டியல்

2020இல் கனெக்டிகட், தன் கால்பந்து அணியைத் தனித்து நிற்க விட்டுவிட்டு, கூடைப்பந்தின் பொருட்டுப் பிக் ஈஸ்ட்டுக்கே திரும்பியது. பணத்தின் திசைக்கு எதிராக ஒரு பல்கலைக்கழகம் நடப்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் அரிது. அதனால்தான் இதனைத் தனியே குறிக்கிறோம்.

2022-23 பருவத் தொடக்கத்தில் பயிற்சியாளர்கள் மீண்டும் வாக்களித்தனர். உறுப்பினர் இப்போது பதினொருவர். முதலிடம் கிரெய்ட்டனுக்கு, நான்காம் இடம் கனெக்டிகட்டுக்கு, ஒன்பதாம் இடம் மார்க்வெட்டுக்கு. மார்க்வெட் கூட்டமைப்பின் பருவத்தையும் தொடரையும் ஒருங்கே வென்றது. பட்டியல் இம்முறை உண்மையிலேயே பொய்த்தது. கனெக்டிகட்டோ 31 வெற்றி, 8 தோல்வியோடு நாட்டின் பட்டத்தை வென்றது. அந்த எட்டுத் தோல்விகளும் கூட்டமைப்புக்குள் நிகழ்ந்தவை. வெளியாரோடு ஆடிய 17 ஆட்டங்களிலும் வெற்றி. அதே 17, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின். 2024இல் அவ்வணி மீண்டும் பட்டம் வென்றது.

ஒரு பருவத்தின் தொடக்கப் பட்டியல் நம் கையில் கிடைக்கும்போது, முதல் மூன்று வரிகளைப் படித்துவிட்டு மடித்து வைப்பதே நம்மில் பலரின் இயல்பு. நடுவரிகளில் சற்று நிற்கலாம். நல்ல கூட்டத்தில் அடிபட்டுத் தேர்ந்த அணிகள் அங்கேதான் இருக்கும். பின்னர் ஒருமுறை தலைப்பையும் படிக்கலாம். அந்தப் பெயர்களை ஒரே பட்டியலில் அமர்த்தி வைத்த உறவு அங்கே எழுதப்பட்டிருக்கிறது. 2010இல் அத்தலைப்பை யாரும் நின்று படிக்கவில்லை.